ஆற்றுக்குக் கணக்கெழுதியவர்: சர் எம். விசுவேசுவரய்யா

நம் சங்கத்துக் குடும்பங்கள் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடிக் கடக்வாஸலா ஏரிக்கரைக்குச் செல்வது நெடுநாளைய வழக்கம். புளியோதரையும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு போய், கரைமீது அமர்ந்து, நிரம்பித் ததும்பும் நீரைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறோம். இப்புனே நகரில் நாம் பருகும் நீர் பெரும்பாலும் அவ்வேரியின் வழியாகவே நம் குழாய்களுக்கு வந்து சேருகிறது. அவ்வேரியின் கலிங்கில், மனிதர் கை படாமல் தாமே திறந்து தாமே மூடிக்கொள்ளும் கதவுகளை ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அமைத்தவர் மைசூர்ச் சீமையிலிருந்து வந்த ஓர் இஞ்சினீயர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவரோ, ஐயமே. பிற்காலத்தில் காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் அணை எழுப்பியவரும் அவரேயாவர்.

மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா தமிழரல்லர். இம்மலரில் அவர் வரலாற்றை எழுதுவானேன் என்று கேட்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். அடியேனுடைய பாட்டனார் மன்னார்குடிப் பக்கத்துச் சிறு மிராசுதார். அவருக்கு விசுவேசுவரய்யாவின் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. மேல்மடைக்காரன் மடையை அடைத்தான் என்ற வருத்தம் அவர் தலைமுறையில் பலருக்கும் இருந்தது. அவ்வருத்தம் எவ்வளவு நியாயமானது, எவ்வளவு நியாயமற்றது என்பதைச் சற்றே நிதானமாக எண்ணிப் பார்க்க, காவிரிக் கரையிலிருந்து எண்ணூறு கல்லுக்கு அப்பால் வாழும் நமக்கு இயலும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

அவர் பிறந்த ஊர் நந்தி மலைக்கு அருகிலுள்ள முத்தேனஹள்ளி. மூதாதையர் தெலுங்கு நாட்டு மோட்சகுண்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அச்சீமையில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. பெய்த மழையைப் பிடித்து ஏரிகளில் தேக்கிவைத்து, அடுத்த மழை வரும்வரை அளந்து அளந்து செலவிட்டுப் பிழைத்த மக்கள் அவ்வூரார். நீரின் வரவையும் செலவையும் எண்ணும் பழக்கம் அவருக்குப் பிறந்த மண்ணிலேயே படிந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. பள்ளிப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பெங்களூர் சென்டிரல் கல்லூரியில், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கிடைத்த பொருளால் படித்து, 1881இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் மைசூர் மாணாக்கர் பட்டம் பெறச் சென்னைப் பல்கலைக்கழகத்தையே நாட வேண்டியிருந்தது. பின்னர் மைசூர் சர்க்காரின் உதவிச் சம்பளத்தில் நம் புனேயின் விஞ்ஞானக் கல்லூரிக்கு வந்து பொறியியல் பயின்று, 1883இல் முதல்வராகத் தேறினார். மறு ஆண்டே பம்பாய் மாகாணத்துப் பொதுமராமத்து இலாகாவில் உதவி இஞ்சினீயர் பதவி கிடைத்தது.

சிந்து நதிக்கரையில் சுக்கூர் நகரத்துக்குக் குடிநீர் கொணரும் பணி 1894இல் அவரிடம் வந்தது. ஆற்றுநீரோ சேறு. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் பணமில்லை. ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டி, மணலையே வடிகட்டியாக்கி, தெளிந்த நீரை மேலேற்றினார். சூரத்திலும் சில காலம் பணியாற்றினார். இவற்றையெல்லாம் விரித்தால் ஏடு கொள்ளாது. அவர் வாழ்வின் நடுநாயகமான இரண்டு காரியங்களுள் முதலாவது நிகழ்ந்தது இப்புனே வட்டாரத்தில்தான். அதைக் கூறுவேன்.

நீரா நதியின் இடக்கரைக் கால்வாய் பாட்கர் நீர்த்தேக்கத்தின் நீரைப் பெற்றுப் பாராமதி பக்கத்து வறண்ட நிலங்களுக்குப் பாய்வது. பஞ்சம் அடிக்கடி தாக்கும் நிலங்கள் அவை. ஆனால் நடந்தது என்ன? கால்வாயின் தலைமடையில் நிலம் வைத்திருந்தோர் கரும்பு பயிரிட்டனர். கரும்பு ஆண்டு முழுவதும் நீர் குடிக்கும் பயிர். வேண்டியபோதெல்லாம் மடையைத் திறந்து, வேண்டியதற்கு மேலும் பாய்ச்சினர். மிகுந்த நீர் தேங்கி நிலம் உவர்ந்தது, கொசு பெருகியது. கடைமடைக்காரனுக்கோ சோளத்தைக் காப்பாற்றும் ஒரு நனைப்புக்குக்கூட நீர் எட்டவில்லை. நீர் போதவில்லை என்று எல்லோரும் கூறினர். விசுவேசுவரய்யா கணக்கெடுத்துப் பார்த்து, நீர் குறைவு என்பதைவிடப் பங்கீடு பிழை என்பதே பெரிது எனக் கண்டார்.

அவர் வகுத்தது தொகுதிப் பாசன முறை. பிளாக் முறை என்று அக்காலத்தார் வழங்கினர். ஒரு கிராமத்தின் நிலம் முழுவதற்கும் நீர் தருவதாகப் பெயர் பண்ணாமல், பாசனத்துக்குத் தகுந்த மண்ணுள்ள பகுதிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிப்பது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பங்கு கரும்பு, ஒரு பங்கு நெல் போன்ற நடுத்தர நீர்ப்பயிர், ஒரு பங்கு குறைந்த நீரில் விளையும் புன்செய்த் தானியம் என வகுத்து, ஆண்டுதோறும் பயிரை மாற்றி மாற்றிச் சுழற்சியாக வைப்பது. நீரும் நினைத்தபோதெல்லாம் அன்று; குறித்த நாள்களில், குறித்த அளவில், முறைவைத்துக் கொடுப்பது. இவ்வாறு செய்தால் அதே நீர் முன்னையினும் பல கிராமங்களுக்கு எட்டும், மண்ணும் கெடாது. நம் தஞ்சை வட்டாரத்து நீர்க்கட்டி முறைவைத்து மடை திறப்பதை அறிந்தோருக்கு இதன் சாரம் எளிதில் விளங்கும். ஊர்க் கட்டுப்பாட்டால் சிற்றூரில் நடந்துவந்த ஒன்றை, கால்வாய் முழுமைக்கும் கணக்காலும் சட்டத்தாலும் நிலைநாட்ட முயன்றதே புதுமை.

எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. இலாபம் கண்டுகொண்டிருந்த கரும்புக்காரர், தம் உரிமை பறிபோகிறது என்று முறையிட்டனர். தம் நிலத்தில் எதைப் பயிரிடுவது என்று சர்க்கார் சொல்வதா என்ற கேள்வியும் பிறந்தது. அக்கேள்வியில் நியாயம் இல்லையென்று சொல்லிவிட முடியாது. அவர் ஊர் ஊராகச் சென்று குடியானவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். 1901இல் அமைந்த இந்தியப் பாசனக் கமிஷனின் முன்னும் இம்முறையை விளக்கினார். பம்பாய் சர்க்கார் அதை ஏற்றது. பிற்காலத்தில் கண்ணம்பாடிக் கால்வாய் பாயும் மண்டியா வட்டாரத்திலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது.

கடக்வாஸலாவின் தானியங்கிக் கதவுகளும் இதே காலத்தவை. அப்போது அதற்கு ஃபைஃப் ஏரி என்று பெயர். பெருமழையில் கலிங்கு வழியே வீணே வழிந்தோடும் நீரையும், கோடையில் நகரும் வயலும் படும் தவிப்பையும் ஒருங்கே பார்த்தவருக்கு, அணையை உயர்த்தாமலே கொள்ளளவைக் கூட்டும் எண்ணம் தோன்றியது. கலிங்கின் மேல் கதவுகளை நிறுத்திச் சுமார் எட்டு அடி கூடுதலாக நீரைத் தேக்கினார். வெள்ளம் குறித்த மட்டத்தைத் தாண்டினால் எடைகளின் சமநிலை மாறிக் கதவுகள் தாமே திறக்கும். வெள்ளம் வடிந்ததும் தாமே மூடும். நள்ளிரவில், கொட்டும் மழையில், காவற்காரன் உறங்கிவிட்டாலும் அணைக்குக் கேடு வாராது. இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், சர்க்கார் சேவையில் இருந்தபோது செய்த வேலைக்கு உரிமைத்தொகை பெறுவது தகாதென்று மறுத்துவிட்டார் என்பர். குவாலியரின் திக்ராவிலும், பின்னர்க் கண்ணம்பாடியிலும் இவ்வகைக் கதவுகளே வைக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், மேலே கட்டப்பட்டுக்கொண்டிருந்த பான்ஷெட் அணை உடைந்து, அவ்வெள்ளம் தாக்கிக் கடக்வாஸலா அணையும் உடைந்து, இந்நகரின் ஆற்றோரப் பேட்டைகள் அழிந்ததை நம் சங்கத்து முதியோர் இன்னும் கூறக் கேட்கலாம். அப்போது அதை வடிவமைத்தவரல்லாவிடினும் அதன் கலிங்கைத் திருத்திய விசுவேசுவரய்யா நூறு வயதை எட்டி உயிரோடிருந்தார்.

1908இல் பம்பாய்ச் சேவையினின்று விலகி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தவரை ஹைதராபாத் அழைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி நதி பெருகி நகரின் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போய், பல்லாயிரவர் மாண்டிருந்தனர். அவர் நதியின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஆராய்ந்தார். அங்கே 788 ஏரி குளங்கள் இருந்தன. ஏறக்குறைய ஒரு சதுர மைலுக்கு ஒன்று. அவற்றுள் 221 ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து, வெள்ளத்தின்மேல் வெள்ளமாகச் சேர்ந்திருந்தன. நகரத்தின் கரைகளை மட்டும் உயர்த்திப் பயனில்லை, நகருக்கு மேலேயே வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தி மெல்ல விட வேண்டும் என்பது அவர் முடிவு. பிடித்த நீர் நகருக்குக் குடிநீராகவும் ஆகும். அம்முடிவின் பயனாய் எழுந்தவை 1920இல் முடிந்த உஸ்மான் சாகரும், 1927இல் முடிந்த ஹிமாயத் சாகரும் ஆகும். கட்டி முடித்த பெருமை ஹைதராபாத்து இஞ்சினீயர்களைச் சாரும்.

இனி, காவிரி.

1909 நவம்பரில் மைசூரின் தலைமை இஞ்சினீயராக அவர் பதவி ஏற்றபோது, சிவசமுத்திர மின்நிலையம் 1902 முதல் கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு இடையறாது நொடிக்கு 900 கன அடி நீர் வேண்டும். கோடையில் காவிரி அதில் சிறு பகுதியும் தருவதில்லை. ஆடி ஆவணியிலோ அதனினும் பன்மடங்கு நீர் அருவியில் விழுந்து, சமவெளி கடந்து, கொள்ளிடம் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மிகுந்த மாதத்து நீரைக் குறைந்த மாதத்துக்கு எடுத்து வைத்தால் மின்சாரமும் கிட்டும், மண்டியா பக்கத்து வானம் பார்த்த நிலமும் நன்செய்யாகும். இவ்வெண்ணத்தில் பிறந்தது கண்ணம்பாடித் திட்டம். பெரும் பணம் வேண்டுமென்று அரண்மனையில் தயக்கம் இருந்தது. அவர் விடாது வாதாடி, 1911இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மகாராஜாவின் இசைவைப் பெற்றார்.

ஆனால் காவிரி மைசூருக்கு மட்டும் உரியதன்று. 1892இல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குறித்த ஆறுகளில் புதிய பாசன வேலை எதையும் சென்னையின் இசைவின்றி மைசூர் தொடங்கலாகாது. காவிரிப் பாசனத்தில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கரிகாலன் கல்லணைக் காலந்தொட்டு விளைந்து வருகிறது. சென்னைக்கும் மேட்டூரில் ஓர் அணை கட்டும் எண்ணம் அப்போதே இருந்தது. மைசூர் கேட்டது 41.5 டி.எம்.சி. தேக்கும் அணை. சென்னை மறுக்கவே, இந்திய சர்க்கார் முதற்கட்டமாக 11 டி.எம்.சி. மட்டும் தேக்க அனுமதித்தது. விசுவேசுவரய்யாவோ அடித்தளத்தை முழு உயரத்துக்கும் தாங்குமாறு அகலமாகவே போட்டார். பின்னொரு நாள் உயர்த்த நேரிட்டால் அடித்தளத்தை மீண்டும் தோண்ட முடியாது என்பது இஞ்சினீயரின் நியாயம். அகலமான அடித்தளத்தைக் கண்ட தஞ்சை மிராசுதாருக்குத் தோன்றியது வேறு. இசைவு பெறாத உயரம் ஏற்கெனவே மண்ணுக்குள் எழும்பிவிட்டதே என்று அவர் அஞ்சியதைக் குறை கூற என்னால் இயலவில்லை.

வழக்கின் உள்ளீடு யாதெனில், கடலுக்குப் போகும் நீர் எது, வயலுக்கு வேண்டிய நீர் எது என்பதை எப்படிப் பிரிப்பது? ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் காவிரியில் மிச்சம் உண்டு. ஆனால் பயிர் ஆண்டுக்கணக்கில் நீர் குடிப்பதில்லை. மேட்டூர் அணை இல்லாத அக்காலத்தில், குடகு மலையில் முதல் மழை பெய்து ஆனியில் வரும் புதுப்புனலை நம்பியே குறுவை நாற்றங்கால் விடுவார்கள். அந்த முதற் புனலை மேலே பிடித்துவிட்டால், ஆவணியில் இரு மடங்கு வந்தாலும் குறுவை போனது போனதே. ஆகவே இத்தனை டி.எம்.சி. என்ற கணக்கைக் காட்டிலும், எந்த மாதத்தில், எந்த இடத்தில், எவ்வளவு மட்டம் என்ற கணக்கே பெரிதாயிற்று.

1913இல் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி கிரிஃபின் நடுவராக அமர்ந்தார். பாசன இன்ஸ்பெக்டர் ஜெனரல் நெதர்சோல் அவருக்குத் துணை. 1914 மே மாதத்தில் வந்த தீர்ப்பு, மேலணையின் அளவுகோலில் காவிரி ஆறரை அடி, அதாவது நொடிக்கு 22,750 கன அடி ஓடும்படி விட்ட பிறகே மைசூர் நீரைத் தேக்கலாம் என்று வரையறுத்தது. நம்மூர் முக்கொம்பில் நட்ட ஓர் அளவுகோல், இருநூறு கல் மேலேயுள்ள அணையின் மதகை ஆள்வது என்பது அந்நாளில் புதிய செய்தி. அந்த அளவு போதாதென்று சென்னை சாதித்தது. இந்திய சர்க்கார் 1916இல் தீர்ப்பை உறுதி செய்ய, சென்னை இலண்டனுக்கு மேல்முறையீடு செய்து 1919இல் அதனை நிறுத்தி வைக்கச் செய்தது. பிறகு இருபுறத்து இஞ்சினீயர்களும் உட்கார்ந்து மாதவாரியாகக் கணக்கிட்டு, 1924 பிப்ரவரி 18இல் உடன்பாடு கண்டனர். கண்ணம்பாடிக்கு 44.827 டி.எம்.சி., மேட்டூருக்கு 93.5 டி.எம்.சி. மேட்டூரின் கீழ்ச் சென்னை 3,01,000 ஏக்கர் புதுப்பாசனம் செய்துகொள்ளலாம். கண்ணம்பாடியின் கீழ் மைசூருக்குக் கிடைத்தது அதிற் பாதிக்கும் குறைவு. கண்ணம்பாடி 1930களின் தொடக்கத்திலும் மேட்டூர் 1934இலும் முடிந்தன.

அதாவது, மேல்மடையில் ஓர் அணை எழுந்த அச்சமே கீழ்மடையில் அதனினும் பெரிய அணையை விரைந்து எழுப்பியது எனலாம். மேட்டூர் வந்த பின் குறுவைக்காரர் புதுப்புனலை எதிர்நோக்கி வானத்தைப் பார்ப்பது குறைந்தது. ஜூன் 12இல் மதகு திறப்பதை எதிர்நோக்கினர். இது விசுவேசுவரய்யா எண்ணிச் செய்ததன்று. அவர் மைசூரின் ஊழியர். மைசூரின் கண்ணால்தான் பார்த்தார். கண்ணம்பாடி உள்ளிட்ட பழைய கிராமங்கள் நீரில் மூழ்கி, அங்கிருந்தோர் வேறிடம் பெயர்ந்ததையும் அவர் பெருமையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

1912 முதல் 1918 வரை மைசூரின் திவானாக இருந்தார். மைசூர் வங்கி, 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம், பத்ராவதி இரும்பாலைத் திட்டம் என அவர் செய்தவை பல. பிற்பட்ட வகுப்பாருக்கு அரசுப் பணியில் இடம் ஒதுக்குவது குறித்து மகாராஜாவோடு கருத்து வேறுபட்டுப் பதவியை விட்டார். தகுதி ஒன்றையே அளவுகோலாகக் கொண்ட அவர், அந்த அளவுகோலே தலைமடையில் நடப்பட்டிருந்ததை நோக்கவில்லை என்பது என் எளிய எண்ணம். கடைமடைக்கு நீர் எட்டாததைக் கண்டு மனம் பொறாதவரிடம் இதனை எதிர்பார்ப்பது மிகையன்று.

அதற்குப் பின்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்தார். 1937இல் ஒரிஸ்ஸாவின் வெள்ளத் துயரை ஆராய்ந்து, மகாநதியின் மேற்பகுதியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்றார்; 1957இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணையின் வித்து அது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பின் மொகாமாவில் கங்கைப் பாலத்துக்கு இடம் பார்க்கச் சென்றார். 1955இல் பாரதரத்னா விருது பெற்றார். 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். அவருடைய நினைவிடம் முத்தேனஹள்ளியில் உள்ளது.

1924 உடன்பாட்டின் ஐம்பதாண்டு 1974இல் கழிந்த பின் வழக்கு மீண்டும் எழுந்து, 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என நீண்டது. பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஓராண்டில் வரவேண்டியது 177.25 டி.எம்.சி. என்று அத்தீர்ப்பு கூறுகிறது. அதனையும் மாதவாரியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

என் பாட்டனார் தம் கடைசிக் காலத்தில் ஒரு முறை மைசூருக்கு வந்தார். உறவினர் வற்புறுத்திக் கண்ணம்பாடிக்கு அழைத்துப் போயினர். பிருந்தாவனத் தோட்டத்து விளக்குகளைக் காண எல்லோரும் இறங்கி ஓட, அவர் மட்டும் அணைமேல் நின்றுகொண்டு, அங்கிருந்த காவற்காரரிடம் அன்றைய நீர்மட்டம் என்ன என்று கேட்டார். அரைகுறைத் தமிழில் விடை வந்தது. மடியிலிருந்த சிறு நோட்டை எடுத்து, மேட்டூர் மட்டம் எழுதி வைத்திருந்த பக்கத்திலேயே அதற்கு எதிராக அந்த எண்ணையும் குறித்துக்கொண்டார்.